பழைய ஒர்க்ஸ்பேஸில் ஓடிய தினசரி அறிக்கை: ஆர் ஸ்கிரிப்டைக் கட்டளை வரிக்கு மாற்றிய ஒரு நிகழ்வு

பின்னணி

ஓர் ஆய்வுக் குழு 48 சென்சார்களிலிருந்து மணிக்கு ஒரு முறை வெப்பநிலையும் ஈரப்பதமும் பதிவு செய்துவந்தது. ஒரு நாளின் அளவீடுகள் முழுவதும் நள்ளிரவுக்குப் பிறகு ஒரே சிஎஸ்வி கோப்பாகச் சர்வருக்கு வந்துசேரும். 48 சென்சார், 24 மணி நேரம் என்ற கணக்கில் 1152 வரிகள். பகுப்பாய்வாளர் ஒருவர் தினமும் காலையில், புள்ளியியல் கணிப்புக்கான ஆர் மொழியில் எழுதி ஓட்ட உதவும் ஆர்ஸ்டுடியோ மென்பொருளைத் திறந்து, ஏறக்குறைய 300 வரி கொண்ட ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுவார். அன்றைய சுருக்க அட்டவணை, மாதச் சராசரி, ஒரு வரைபடம் ஆகிய மூன்றும் சேர்ந்த பிடிஎஃப் உருவாகும். அதை மின்னஞ்சலில் அனுப்புவார். ஒரு வருடத்துக்கும் மேலாக இது தடையில்லாமல் நடந்துவந்தது.

அவர் நீண்ட விடுப்பில் செல்ல வேண்டியிருந்தது. ஸ்கிரிப்டை லினக்ஸ் சர்வரில் வைத்து, தினமும் அதிகாலை 2.10 மணிக்கு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரான் மூலம் தானாக ஓடவிடுவது என்று முடிவானது. வேலையைச் சர்வர் நிர்வாகி ஏற்றார். அவர் ஆர் மொழியை எழுதுபவர் அல்ல, ஆனால் கிரானையும், கட்டளை வரியை இயக்கும் ஷெல்லையும் நன்கு அறிந்தவர். பகுப்பாய்வாளர் தன் புராஜெக்ட் ஃபோல்டரை அப்படியே சர்வருக்கு நகலெடுத்துக் கொடுத்தார். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாத .ஆர்டேட்டா கோப்பும் அதோடு போயிற்று.

ஸ்கிரிப்டின் மூன்று பழக்கங்களை இங்கே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாமே இவற்றிலிருந்து கிளைத்தவை.

ஒன்று, சென்சார்களின் திருத்த அட்டவணை. ஒவ்வொரு சென்சாருக்கும் எவ்வளவு கூட்ட வேண்டும், கழிக்க வேண்டும் என்ற பட்டியல் அது. மெதுவான ஒரு நெட்வொர்க் டிரைவில் இருந்ததால் வாசிக்க 40 வினாடி பிடிக்கும். ஆகவே, அந்தப் பெயரில் ஒரு பொருள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கிறதா என்று எக்சிஸ்ட்ஸ் என்ற செயற்கூறால் (ஃபங்ஷன்) கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் வாசிக்கும்படி எழுதியிருந்தார்கள். அட்டவணை மாறியது தெரிந்தால் பகுப்பாய்வாளர் கையாலேயே அந்த ஒரு வரியை மீண்டும் ஓட்டிக்கொள்வார். அந்தப் பழக்கம் அவர் விரல்களில் இருந்தது, ஸ்கிரிப்டில் இல்லை.

இரண்டு, மாத அட்டவணை. அன்றைய வரிகளை முந்தைய நாள்களின் வரிகளுக்கு அடியில் ஆர்பைண்ட் கொண்டு ஒட்டிக்கொண்டே போவார்கள். முந்தைய நாள்களின் வரிகள் எந்தக் கோப்பிலும் இல்லை. ஆர் தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பொருள்களின் தொகுப்பான ஒர்க்ஸ்பேஸில் மட்டுமே இருந்தன. அதை ஆர் சேமித்துவைக்கும் கோப்புதான் .ஆர்டேட்டா.

மூன்று, ஒரு சிறு துணைச் செயற்கூறு. என்றோ ஒரு நாள் கன்சோலில் தட்டச்சு செய்யப்பட்டது. ஸ்கிரிப்டுக்குள் அதன் பெயர் மட்டும் அழைக்கப்பட்டிருந்தது, வரையறை எங்கும் இல்லை.

முதல் மூன்று இரவுகள்

நிர்வாகி தேர்ந்தெடுத்தது ஆர் சிஎம்டி பேட்ச் என்ற பழைய வழி. ஸ்கிரிப்டின் பெயரையும் விளைவுக் கோப்பின் பெயரையும் கொடுத்தால் போதும். ஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரியும் அதன் விளைவும் .ஆர்அவுட் கோப்பில் சேர்ந்துவிடும்.

முதல் இரவு எதுவும் ஓடவில்லை. ஆர் நிறுவப்பட்டிருந்தது யுஎஸ்ஆர்-லோக்கல்-பின் ஃபோல்டரில். கட்டளைகளை எந்த ஃபோல்டர்களில் தேட வேண்டும் என்று சொல்வது பாத் மாறி. கிரான் தரும் பாத் மாறியிலோ யுஎஸ்ஆர்-பின், பின் என்ற இரண்டு மட்டுமே இருந்தன. டெர்மினலில் ஓடும் கட்டளை கிரானில் ‘கட்டளை காணவில்லை’ என்று நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முழுப் பாதையையும் எழுதியதும் தீர்ந்தது.

இரண்டாம் இரவும் ஓடவில்லை. .ஆர்அவுட் கோப்பின் பெயரில் அன்றைய தேதி வர வேண்டும் என்று, டேட் கட்டளையைச் சதவீதக் குறிகளோடு கிரான் வரியிலேயே எழுதியிருந்தார். கிரானின் கட்டளைப் பட்டியலான கிரான்டேபில் சதவீதக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு: முதல் குறியோடு கட்டளை முடிந்துவிடும், அதற்குப் பிறகு இருப்பது உள்ளீடாகப் போகும். ஒவ்வொரு குறிக்கு முன்னும் பின்சாய்வுக்கோடு சேர்த்துச் சரிசெய்தார்.

மூன்றாம் இரவு ஓடியது. காலையில் பிடிஎஃப் வந்தது, எண்கள் நம்பும்படி இருந்தன. வேலை முடிந்தது என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அது ஓடியிருக்கவே கூடாது. துணைச் செயற்கூறின் வரையறை ஸ்கிரிப்டில் இல்லை என்பதால், சுத்தமான ஆர் அமர்வு அந்த வரியில் நின்றிருக்க வேண்டும். நிற்காமல் ஓடியதுதான் முதல் அறிகுறி. ஓடியதற்காக யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதால் அது கவனத்துக்கு வரவில்லை.

பதினொரு அறிக்கைகள்

3ஆம் இரவு முதல் 13ஆம் இரவு வரை 11 அறிக்கைகள் வந்தன. இடையே மூன்று விஷயங்கள் நடந்தன. 5ஆம் நாள் காலையில் கருவிப் பொறுப்பாளர் மூன்று சென்சார்களைச் சரிபார்த்து, திருத்த அட்டவணையில் புதிய மதிப்புகளை எழுதினார். 7ஆம் நாள் இரண்டு சென்சார்கள் புதிதாகப் பொருத்தப்பட்டன. அவற்றின் வரிகளும் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 9ஆம் நாள் நிர்வாகி, மின்னஞ்சல் முகவரி ஒன்றை மாற்றியதைச் சோதிக்க, பகலில் ஒரு முறை அதே கட்டளையைக் கையால் ஓட்டினார்.

13ஆம் நாள் கருவிப் பொறுப்பாளர் நிர்வாகிக்கு எழுதினார்: “சார், புது சென்சார் ரெண்டும் ரிப்போர்ட்ல வரவே இல்லையே. டேட்டா ஃபைல்ல வரி இருக்கு, பார்த்துட்டேன்.”

தரவுக் கோப்பில் 1200 வரிகள் சரியாக இருந்தன. அறிக்கையில் 48 சென்சார்களே இருந்தன. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை.

கவனித்தவை

நிர்வாகி ஸ்கிரிப்டைத் தன் கணக்கில், வேறொரு காலி ஃபோல்டரில் வைத்து, கட்டளை வரியில் ஓட்டும் இன்னொரு வழியான ஆர்ஸ்கிரிப்ட் மூலம் ஓட்டிப் பார்த்தார். துணைச் செயற்கூறைக் காணவில்லை என்ற பிழையோடு நின்றது. கீழே ‘எக்ஸிக்யூஷன் ஹால்டட்’. கிரான் கணக்கில் தினமும் ஓடும் அதே கோப்பு, எழுத்துக்கு எழுத்து அதேதான்.

அதன் பிறகுதான் .ஆர்அவுட் கோப்புகளை மேலிருந்து வாசிக்கத் தொடங்கினார். ஆரின் பதிப்பு, உரிமம், உதவி பற்றிய வழக்கமான அறிமுக வரிகள் முடிந்ததும், சதுர அடைப்புக்குள் ஒரு வரி: ‘ப்ரீவியஸ்லி சேவ்ட் ஒர்க்ஸ்பேஸ் ரீஸ்டோர்ட்’. முன்பு சேமித்த ஒர்க்ஸ்பேஸ் மீட்கப்பட்டது என்று பொருள். 11 கோப்புகளிலும் அதே இடத்தில் அந்த வரி இருந்தது. அறிமுக வரிகளை யாரும் வாசிப்பதில்லை.

கடைசி வரிகளும் பேசின. ஆர் சிஎம்டி பேட்ச், ஸ்கிரிப்டின் முடிவில் தானாகவே ப்ராக்-டைம் என்ற ஓட்ட நேர அளவைச் சேர்த்து எழுதும். அதில் மொத்த நேரம் 11 நாளும் 20 வினாடிக்கு ஒட்டியே இருந்தது. திருத்த அட்டவணையை வாசிக்க மட்டுமே 40 வினாடி ஆகும். ஆக, ஒரு நாள்கூட அந்த அட்டவணை வாசிக்கப்படவில்லை. இந்த ஒரு கணக்கே போதுமான சான்று.

ஃபோல்டரில் மறைந்த கோப்புகளையும் சேர்த்துப் பட்டியலிட்டபோது, .ஆர்டேட்டா அன்று அதிகாலை 2.10க்கு மாற்றப்பட்டிருந்தது. அதைப் பொது நினைவகத்தில் ஏற்றாமல், பொருள்களைத் தனியே வைக்கும் இடமான என்விரான்மெண்ட் ஒன்றைப் புதிதாக உருவாக்கி அதற்குள் லோட் செய்தார்கள். இது முக்கியம்: லோட் கட்டளையைச் சும்மா கொடுத்தால், அதே பெயரில் இருப்பவற்றைக் கேட்காமலே மேலெழுதிவிடும். உள்ளே 60க்கும் மேற்பட்ட பொருள்கள் இருந்தன. திருத்த அட்டவணையில் 48 வரிகள். மூன்று சென்சார்களுக்கும் பழைய மதிப்புகள். மாத அட்டவணையில் 8ஆம் நாளின் வரிகள் இரண்டு முறை இருந்தன. 9ஆம் நாள் பகலில் கையால் ஓட்டியதன் தடயம் அது.

காரணம்

ஆர் சிஎம்டி பேட்ச் இயல்பாகவே --ரீஸ்டோர், --சேவ் என்ற இரண்டு தெரிவுகளோடு ஆரைத் தொடங்கும். வேலை நடக்கும் ஃபோல்டரில் .ஆர்டேட்டா இருந்தால் தொடக்கத்தில் ஏற்றிக்கொள்ளும். முடிவில் எல்லாவற்றையும் அதிலேயே எழுதிவைக்கும். பிழையில்லாமல் முடியும் ஒவ்வோர் ஓட்டமும் அடுத்த ஓட்டத்துக்குத் தன் நினைவைச் சொத்தாக விட்டுச் செல்கிறது. திருத்த அட்டவணை நினைவகத்தில் எப்போதும் இருந்ததால், எக்சிஸ்ட்ஸ் கேள்விக்கு எப்போதும் ‘உண்டு’ என்றே பதில் வந்தது.

புதிய சென்சார்கள் சத்தமில்லாமல் மறைந்ததற்குக் காரணம் மெர்ஜ் செயற்கூறு. இரண்டு அட்டவணைகளை இணைக்கும்போது, இரண்டிலும் இருக்கும் சென்சார்களை மட்டும் வைத்துக்கொள்வதே அதன் இயல்பு. பழைய திருத்த அட்டவணையில் இல்லாத இரண்டு சென்சார்களின் 48 வரிகளும் இணைப்பில் உதிர்ந்தன. இதற்கு ஆர் எச்சரிக்கை தருவதில்லை. அது தவறும் இல்லை, கேட்டதைத்தான் செய்தது.

எடுத்த முடிவுகள்

எளிய வழி ஒன்று இருந்தது: .ஆர்டேட்டாவை நீக்கிவிட்டு, அதே பேட்ச் கட்டளையில், சேமித்த ஒர்க்ஸ்பேஸையும் அமைப்புக் கோப்புகளையும் தொடாமல் ஆரைத் தொடங்கச் சொல்லும் --வெனிலா தெரிவைச் சேர்ப்பது. அதுவே போதும் என்று நிர்வாகி முதலில் சொன்னார். தவறான யோசனை அல்ல. ஆனாலும் ஆர்ஸ்கிரிப்டுக்கு மாறத் தீர்மானித்தார்கள். சாதாரண விளைவும் பிழை, எச்சரிக்கைச் செய்திகளும் அதில் தனித்தனி வழிகளில் வெளியேறும், பேட்சில் இரண்டும் ஒரே கோப்பில் கலந்துவிடும். தேதியைக் கட்டளையோடு கொடுப்பதும் ஆர்ஸ்கிரிப்டில் எளிது. பதினொரு நாளையும் மறுபடி ஓட்ட வேண்டியிருந்ததால் இந்த இரண்டாவது காரணம் கனமானது. ஆர்ஸ்கிரிப்ட் ஒர்க்ஸ்பேஸை ஏற்றுவதுமில்லை, சேமிப்பதுமில்லை.

முதலில் .ஆர்டேட்டாவை நீக்காமல் வேறு இடத்துக்கு நகர்த்தி, வாசிக்க மட்டும் அனுமதித்தார்கள். துணைச் செயற்கூறு அதற்குள் மட்டுமே இருந்தது. ஏற்றிய என்விரான்மெண்டிலிருந்து டம்ப் கட்டளையால் அதை ஒரு கோப்பில் எழுதியபோது, உள்ளே எழுதியிருந்த குறிப்புரைகளும் அப்படியே வந்தன. கன்சோலில் தட்டும் செயற்கூறுகளின் மூல உரையை ஆர் சேர்த்தே வைத்திருக்கும் என்பதால் இது கிடைத்தது. ஆர்ஸ்கிரிப்ட் வழியாக உருவான செயற்கூறாக இருந்திருந்தால் குறிப்புரைகள் போயிருக்கும். அந்த வரையறை ஸ்கிரிப்டின் தலைப்பகுதிக்குப் போயிற்று.

எக்சிஸ்ட்ஸ் நிபந்தனை நீக்கப்பட்டது. 40 வினாடியைச் சேமிக்க அதிகாலை 2.10 மணிக்கு யாரும் காத்திருக்கவில்லை. மெர்ஜ் இணைப்பில் தரவு அட்டவணையின் எல்லா வரிகளையும் வைத்துக்கொள்ளச் சொல்லி, திருத்த மதிப்பு இல்லாத சென்சார் ஒன்று இருந்தாலும் அதன் பெயரைச் சொல்லி ஸ்டாப் ஆகும்படி எழுதினார்கள். மாத அட்டவணை ஒவ்வொரு முறையும் அந்த மாதத்தின் தினசரிக் கோப்புகளிலிருந்து புதிதாகக் கட்டப்பட்டது. ஒரு நாளை எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வர வேண்டும் என்பதே அளவுகோல்.

தேதியைத் தரும் இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருந்தது. ஸ்கிரிப்ட் அதுவரை கணினியின் இன்றைய தேதியிலிருந்து ஒரு நாளைக் கழித்துக்கொண்டது. அதனால் பழைய நாளை ஓட்ட வழியே இல்லை. இப்போது கமாண்ட்ஆர்க்ஸ் செயற்கூறு வழியாகத் தேதி உள்ளே வருகிறது. அது தருவது எப்போதும் எழுத்துச் சரமே. அதை ஆஸ்-டேட் கொண்டு மாற்றும்போது ஒரு பொறி உண்டு. 15-03-2024 என்று நாளை முன்னால் வைத்துக் கொடுத்தால் ஆர் பிழை சொல்லாது. ஆண்டு 15, மாதம் 3, நாள் 20 என்று படித்து, கி.பி. 15ஆம் ஆண்டின் ஒரு தேதியைத் தந்துவிடும். மிச்சமுள்ள 24 என்ற இலக்கங்களைக் கண்டுகொள்ளாது. இதைத் தடுக்க, மாற்றிய தேதியை மீண்டும் ஆண்டு-மாதம்-நாள் வடிவில் எழுத்தாக்கி, வந்த சரத்தோடு ஒப்பிட்டார்கள். ஒத்துப்போகாவிட்டால் செய்தி ஒன்றைப் பிழை வழியில் எழுதி, வெளியேறு எண் 2 உடன் நின்றுவிடும் (ஓட்டம் வெற்றியானால் இந்த எண் 0, இல்லாவிட்டால் வேறு எண்).

மாற்றத்தின்போது வந்த தடங்கல்கள்

--வெனிலா சேர்த்த முதல் ஓட்டத்திலேயே ஒரு பேக்கேஜை, அதாவது ஆருக்கான கூடுதல் செயற்கூறுகளின் தொகுப்பைக் காணவில்லை என்று நின்றது. பேக்கேஜ்கள் கிரான் கணக்கின் சொந்த நூலகத்தில் இருந்தன. அந்த நூலகத்தின் பாதை ஹோம் ஃபோல்டரின் .ஆர்என்விரான் என்ற அமைப்புக் கோப்பில் எழுதப்பட்டிருந்தது. --வெனிலா அந்தக் கோப்பையும் தவிர்த்துவிடும், .ஆர்ப்ரொஃபைலையும் தவிர்த்துவிடும். வெனிலாவைக் கைவிடலாமா என்ற பேச்சு வந்தது. கைவிட்டால், அந்தக் கோப்புகளில் யாராவது எதையாவது சேர்க்கும் நாளில் அறிக்கை மாறும். ஆகவே வெனிலா நீடித்தது. நூலகப் பாதையை ஷெல் ஸ்கிரிப்டில் ஆர்-லிப்ஸ்-யூசர் சூழல் மாறியாக வெளிப்படையாக எழுதினார்கள். பாதையில் எழுத்துப்பிழை இருந்தால் ஆர் முறையிடாது, இல்லாத ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து பேசாமல் விட்டுவிடும். அந்த நேரத்தில் லிப்பாத்ஸ் செயற்கூறு தரும் பட்டியலைப் பதிவில் அச்சிடுவது நிறைய தேடலை மிச்சப்படுத்தும்.

எச்சரிக்கைகளை எல்லாம் பிழையாக்கிவிடலாம் என்று வார்ன் தெரிவை 2 என வைத்தார்கள். உடனே பேக்கேஜ் ஏற்றும் வரியிலேயே நின்றது: அந்தப் பேக்கேஜ் வேறு ஆர் பதிப்பில் கட்டப்பட்டது என்ற தீங்கற்ற எச்சரிக்கைதான் காரணம். பேக்கேஜ்களை ஏற்றும்வரை 1, அதன் பிறகு 2 என்று பிரித்ததும் சரியானது. இயல்பு மதிப்பான 0இல் எச்சரிக்கைகள் சேர்த்துவைக்கப்பட்டுத் தாமதமாக வருவதால், பதிவில் எது எங்கே எழுந்தது என்று தெரியாது. 1இல் எழுந்த இடத்திலேயே வரும்.

அடுத்தது மொழியமைப்பு. டெர்மினலில் ஓட்டியதும் கிரானில் ஓட்டியதும் எண்களில் ஒன்றுபோல இருந்தன, வரிசையில் வேறுபட்டன. இந்தச் சர்வரின் கிரான் சூழலில் மொழியைச் சொல்லும் லாங் மாறி இல்லாததால் ஆர், ‘சி’ என்ற அடிப்படை மொழியமைப்பில் (லோகேல்) ஓடியது. அதில் எல்லாப் பெரிய எழுத்துகளும் சிறிய எழுத்துகளுக்கு முன்னால் வரும். சென்சார் குறியீடுகளில் இரண்டும் கலந்திருந்ததால் வரிசை மாறியது. வரைபடத்தில் நிறங்கள் வரிசை எண்ணைப் பார்த்தே கொடுக்கப்பட்டிருந்ததால், சில சென்சார்களின் நிறம் இடம் மாறியிருந்தது. இதே சிக்கலின் இன்னொரு முகம், அமைவிடக் குறிப்புகளில் இருந்த தமிழ் எழுத்துகள். ‘த’ என்ற ஓர் எழுத்து பதிவில் \340\256\244 என்று மூன்று பைட்டுகளாகச் சிதறியிருந்தது. லோகேலை யுடிஎஃப்-8 ஆக்கியது எழுத்துகளுக்கு மருந்து. வரிசைக்கு அது மருந்தல்ல. வரிசையை லோகேலிடம் விட்டால் சர்வர் மாறும்போது மறுபடி மாறும். ஆகவே வரிசைப்படுத்தும் சார்ட் செயற்கூறுக்கு ராடிக்ஸ் முறையைக் கொடுத்தார்கள், அது எந்த லோகேலிலும் ஒரே வரிசையைத் தரும். நிறங்களையும் வரிசை எண்ணிலிருந்து விடுவித்து, சென்சார் பெயரோடு கட்டினார்கள்.

ஃபோல்டரில் ஆர்ப்ளாட்ஸ் என்ற பெயரில் யாரும் கேட்காத ஒரு பிடிஎஃப் உருவாகிக்கொண்டிருந்தது. பிடிஎஃப் சாதனத்தைத் திறப்பதற்கு முன்பே ஒரு வரைபட வரி ஓடியதால் வந்தது. திரை இல்லாத ஓட்டத்தில் ஆர் வரைவதை எல்லாம் அந்தப் பெயரில்தான் கொட்டும். வரியை இடம் மாற்றியதும் நின்றது.

மாற்றிய பின் நான்காம் இரவு

புதிய அமைப்பில் மூன்று இரவுகள் சரியாக ஓடின. நான்காம் இரவு சென்சார்களின் இணைப்புக் கருவி நின்றுபோய், 0 பைட் அளவில் ஒரு தரவுக் கோப்பு வந்தது. காலையில் அறிக்கை வழக்கம்போல் வந்தது. ஓட்டம் வெற்றி என்று பதிவு சொன்னது. பிடிஎஃபின் தலைப்பில் இருந்த தேதியோ முந்தைய நாளுடையது.

மூன்று தவறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருந்தன. ஸ்கிரிப்டின் பெரும்பகுதி, பிழையைப் பிடித்துக் கையாளும் ஒரு ட்ரைகேட்ச்சுக்குள் இருந்தது. பிழை வந்தால் செய்தியை அச்சிட்டுவிட்டு அமைதியாகத் தொடரும்படி எழுதப்பட்டிருந்தது. ஆர்ஸ்டுடியோவில் மனிதர் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது வசதி. ஆளில்லாத ஓட்டத்தில், கையாளப்பட்ட பிழை பிழையே அல்ல, வெளியேறு எண் 0. இரண்டாவது, ஷெல் ஸ்கிரிப்ட் விளைவை, திரைக்கும் கோப்புக்கும் ஒருசேர எழுதும் டீ கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்பியிருந்தது. அந்த அமைப்பில் ஷெல் சொல்வது கடைசிக் கட்டளையான டீயின் வெளியேறு எண். ஆர் 1 என்று கத்தியிருந்தாலும் 0 என்றே வந்திருக்கும். மூன்றாவது, பிடிஎஃபின் பெயர் தினமும் ஒன்றே. மின்னஞ்சல் அனுப்பும் பகுதி அந்த இடத்தில் இருந்ததை எடுத்து அனுப்பியது.

ட்ரைகேட்ச் நீக்கப்பட்டது. பிழை வந்தால் ஆர்ஸ்கிரிப்ட் தானாகவே நின்று வெளியேறு எண் 1 தரும். அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. டீ எடுக்கப்பட்டு, விளைவு, பிழை ஆகிய இரண்டு வழிகளும் நேரடியாகத் தேதியிட்ட பதிவுக் கோப்புகளுக்குத் திருப்பப்பட்டன. பிடிஎஃப் முதலில் தற்காலிகப் பெயரில் உருவாகி, கடைசி வரியில்தான் தேதியோடு கூடிய உண்மைப் பெயர் பெறும். இரண்டு பெயர்களும் ஒரே கோப்பு முறைமையில் இருக்கும்வரை அந்தப் பெயர் மாற்றம் ஒரே அடியில் நடக்கும், பாதி எழுதிய கோப்பு யார் கையிலும் சிக்காது.

இங்கே ஒரு கிளைச் சிக்கலையும் அடைத்தார்கள். 0 பைட் கோப்பை ரீட்-சிஎஸ்வி பிழை என்று சொல்லும். தலைப்பு வரி மட்டும் உள்ள கோப்பைச் சொல்லாது, 0 வரி கொண்ட அட்டவணையாகத் தரும். அதன் சராசரி ‘எண் அல்ல’ என்று வெளிவரும், ஓட்டம் வெற்றியாக முடியும். இந்த இரண்டாவது வகைதான் மோசமானது. இப்போது எதிர்பார்க்கும் 1200 வரிகளில் 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஸ்கிரிப்ட் வரி எண்ணிக்கையைச் சொல்லி நிற்கும்.

கிரான் வெளியேறு எண்ணைப் பொருட்படுத்துவதில்லை. கட்டளை ஏதாவது அச்சிட்டால் மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவே. ஆகவே அந்த எண்ணைப் பார்க்கும் வேலை ஷெல் ஸ்கிரிப்டுக்குப் போயிற்று. 0 இல்லையென்றால் அறிக்கைக்குப் பதிலாக, பிழைப் பதிவின் கடைசி 20 வரிகள் நிர்வாகிக்குப் போகும். ஓர் ஓட்டம் முடியும் முன் அடுத்தது தொடங்காதபடி எஃப்லாக் பூட்டும் சேர்ந்தது.

விளைவு

பதினொரு நாள்களும் புதிய ஸ்கிரிப்டில், தேதியைக் கொடுத்து, அந்தந்த நாளுக்குரிய திருத்த மதிப்புகளோடு ஒவ்வொன்றாக மறுபடி ஓட்டப்பட்டன. முதல் மூன்று அறிக்கைகள் பழையவற்றோடு கடைசித் தசமம்வரை ஒத்துப்போயின. மீதி எட்டு வேறுபட்டன. திருத்தம் மாறியது 5ஆம் நாள் காலை. அன்றைய தரவை ஓட்டியது 6ஆம் இரவு. 6 முதல் 13 வரை எட்டு இரவுகள். காரணம் என்று கண்டது சரிதான் என்பதற்கு, வேறுபட்டவற்றைவிட ஒத்துப்போன அந்த மூன்றே வலுவான ஆதாரம். திருத்திய எட்டு அறிக்கைகளும், எந்த சென்சாரில் எவ்வளவு மாறியது என்ற ஒரு பக்கக் குறிப்போடு, பழையதைப் பெற்ற அனைவருக்கும் அனுப்பப்பட்டன.

இரண்டு வாரங்கள் கழித்து மீண்டும் ஒரு காலிக் கோப்பு வந்தது. அன்று அறிக்கை போகவில்லை. 2.12க்கு நிர்வாகிக்குப் பிழைப் பதிவு போயிற்று. இணைப்புக் கருவியை மறுதொடக்கம் செய்து, தரவு வந்ததும் அந்தத் தேதியைக் கொடுத்து ஒரே கட்டளையில் ஓட்டி முடித்தார்கள்.

மாற்ற வேண்டியவை

இனி ஒரு ஸ்கிரிப்ட் சர்வருக்குப் போகும் முன், அதை எழுதியவரே தன் கணினியில், காலி ஃபோல்டரில், ஆர்ஸ்கிரிப்ட் --வெனிலா கொண்டு ஒரு முறை ஓட்டிக் காட்ட வேண்டும் என்று குழு முடிவு செய்தது. 10 நிமிட வேலை. துணைச் செயற்கூறு இல்லாதது அங்கேயே தெரிந்திருக்கும். நகலெடுக்கும்போது முழு ஃபோல்டரைத் தராமல், தேவையான கோப்புகளைப் பெயர் சொல்லித் தருவது என்பதும் சேர்ந்தது.

விடுப்பிலிருந்து திரும்பிய பகுப்பாய்வாளர் ஆர்ஸ்டுடியோவின் பொதுத் தெரிவுகளில், தொடக்கத்தில் .ஆர்டேட்டாவை மீட்பதை நீக்கி, வெளியேறும்போது சேமிப்பதை ‘ஒருபோதும் வேண்டாம்’ என்று வைத்தார். முதல் வாரம் எரிச்சலாக இருந்ததாம். மெதுவான அட்டவணையைத் தானாகவே உள்ளூர் நகலாக எடுத்துக்கொள்ளும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதியதும் அந்த 40 வினாடிப் பிரச்சினையும் போயிற்று.

தீராமல் நிற்பது பேக்கேஜ் பதிப்புகள். சர்வரில் ஆரைப் புதுப்பிக்கும் நாளில் நூலகப் பாதையும் மாறக்கூடும், பேக்கேஜ்களைத் திரும்ப நிறுவ வேண்டிவரும். அதற்கென்றே உள்ள ரென்வ் என்ற பேக்கேஜைக் கொண்டு பதிப்புகளைப் பூட்டிவைப்பது பேசப்பட்டது. நான்கு பேக்கேஜ் மட்டுமே பயன்படும் ஸ்கிரிப்டுக்கு அது அதிகப்படி என்று தள்ளிவைத்தார்கள். அதற்குப் பதிலாக, ஒவ்வோர் ஓட்டத்தின் முடிவிலும், ஆர், பேக்கேஜ் பதிப்புகளைப் பட்டியலிடும் செஷன்இன்ஃபோ விளைவு பதிவில் எழுதப்படுகிறது. ஆரைப் புதுப்பித்த மறுநாள் புதுப்பிப்புக்கு முந்தைய, பிந்தைய பதிவுகள் இரண்டையும் வேறுபாடு காட்டும் டிஃப் கட்டளை போட்டுப் பார்ப்பது நிர்வாகியின் வேலைப் பட்டியலில் இருக்கிறது.